பனித்தளத்தைப் பண்படுத்திய பெரியார்

கொல்லிமலையின்மீது அமைந்த வாழவந்தி நாட்டில் மலைச்சரிவுகளைப் படிபடியாகச் செதுக்கி நெல் விளைவிக்கும் உழவர் உளர். அவர்கள் வயலை உழுது, நீர் பாய்ச்சி, பரம்படித்துச் சமன்செய்த பின்னரே நாற்று நடுவர். மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் சேற்றைப் பரம்புப் பலகை ஒரே மட்டமாக்கிவிடும். கடல் கடந்த நாடொன்றில், பனிக்கட்டியாலான தரைக்கு இவ்வாறே பரம்படிக்கக் கருவி கண்டார் ஓர் உழவர் மகன். அவரே பிராங்க் சாம்போனி ஆவார்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் யூட்டா மாநிலத்தில், யுரேகா என்னும் ஊரில், 1901-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16-ஆம் நாள் பிராங்க் பிறந்தார். அவர்தம் பெற்றோர் இத்தாலியிலிருந்து பிழைப்பு நாடி வந்து குடியேறியவர். குடும்பம் விரைவிலேயே ஐடகோ மாநிலத்திற்குச் சென்று உழவுத் தொழிலை மேற்கொண்டது. நிலத்தில் உழைக்க ஆள் தேவைப்பட்டமையால், ஒன்பதாம் வகுப்போடு பிராங்கின் பள்ளிப்படிப்பு நின்றது. எனினும் கருவிகளைக் கழற்றுவதும், பழுது பார்ப்பதும், மீண்டும் பூட்டுவதும் அவருக்கு இளமையிலேயே கைவந்தன.

1920-ஆம் ஆண்டில் அவர் தம்பி லாரன்சுடன் கலிபோர்னியாவுக்குச் சென்று, தமையனார் நடத்திய மோட்டார் வண்டிப் பட்டறையில் சேர்ந்தார். பின்னர்ச் சிகாகோ நகரில் தொழிற்கல்வி பயின்றார். 1922-இல் உடன்பிறந்தார் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த ஓர் ஊரில் மின்சாரத் தொழில் தொடங்கினர். பாற்பண்ணைகளுக்குக் குளிர்சாதனங்கள் அமைத்துக் கொடுத்தனர். 1927-இல் பனிக்கட்டி செய்யும் ஆலை ஒன்றையும் நிறுவினர். காய்கனிகளைப் புகைவண்டியில் நெடுந்தூரம் அனுப்புவோர்க்குப் பனிக்கட்டி பெரிதும் வேண்டியிருந்தது. ஆதலின் தொழில் செழித்தது.

ஆனால் காலம் மாறியது. குளிர்ப்பெட்டிகளும் குளிர்சாதனங்களும் எங்கும் பரவின. பனிக்கட்டியை விலைக்கு வாங்குவோர் குறைந்தனர். இத்தகைய மாற்றம் உலகிற்குப் புதியதன்று. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொணர்ந்து சேமிப்பதற்கென்றே 1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் ஒரு பெருங்கட்டடம் எழுந்தது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் அவ்வாணிகம் அழிந்தது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய பெருமையால் அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. ஏரிப் பனிக்கட்டியை ஆலைப் பனிக்கட்டி வென்றது. ஆலைப் பனிக்கட்டியை வீட்டுக் குளிர்ப்பெட்டி வென்றது. 1939-இல் சாம்போனி உடன்பிறந்தார் தம் ஆலைத் தொழிலைக் கைவிட நேர்ந்தது.

தொழில் போயிற்று, தொழிலறிவு போகவில்லை. நீரைப் பெருமளவில் உறையச் செய்யும் கலை தம் கையில் இருக்கிறதே என்று பிராங்க் எண்ணினார். உறைபனிமீது சறுக்கி விளையாடுவதில் மக்கள் அக்காலத்தில் பேரார்வம் கொண்டிருந்தனர். எனவே, தம்பியுடனும் உறவினர் ஒருவருடனும் கூடி, 1940-ஆம் ஆண்டில் பாரமவுண்ட் என்னும் ஊரில் பனித்தளம் ஒன்றை அமைத்தார். அதற்கு ஐஸ்லாந்து எனப் பெயரிட்டனர். அதன் பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர அடி; ஒரே நேரத்தில் 800 பேர் சறுக்கி விளையாடலாம். தொடக்கத்தில் அது கூரையின்றி இருந்தது. வெயிலும் வறண்ட காற்றும் பனியைக் கெடுக்கவே, அவ்வாண்டிலேயே கூரை வேய்ந்தனர்.

பனித்தளத்தின் அடியில் குழாய்கள் பதித்து, அவற்றில் குளிர்ந்த உப்புநீரைச் செலுத்துவது அந்நாளைய வழக்கம். குழாயின் மேற்புறம் ஒரு விதமாகவும் இடைவெளி வேறு விதமாகவும் உறைவதால் தளத்தில் அலை அலையான மேடுகள் தோன்றின. குழாய்களுக்கு மாறாகத் தட்டையான தொட்டிகளை அமைத்து இக்குறையை நீக்கினார் பிராங்க். இதற்கு 1946-இல் காப்புரிமையும் பெற்றார்.

இனி எஞ்சியது ஒரு பெருந்தொல்லை. நூற்றுக்கணக்கானோரின் காலணிக் கத்திகள் கீறக் கீறத் தளம் பள்ளமும் பொடியுமாயிற்று. அதனைச் செப்பனிடும் பொருட்டு முதலில் டிராக்டர் ஒன்று சுரண்டும் கருவியை இழுத்துச் செல்லும். பின்னர் மூவர் முதல் ஐவர் வரை கூடிப் பனிப்பொடியை வாரி அப்புறப்படுத்துவர். நீர் தெளித்துக் கழுவுவர். அழுக்கு நீரை வழித்துத் தள்ளுவர். மீண்டும் தூய நீரைத் தெளித்து அது உறையும் வரை காத்திருப்பர். இவ்வளவும் முடிய ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். அதுகாறும் விளையாட வந்தோர் வெறுமனே நிற்பர். இவ்வேலைகள் அனைத்தையும் ஒருவரே சிறிது நேரத்தில் செய்து முடிக்க வழியில்லையா என்று பிராங்க் சிந்தித்தார்.

1942-இல் டிராக்டர் ஒன்றை வாங்கித் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் முதலிற் செய்த கருவி பனியைச் சீராகச் செதுக்கவில்லை. பொடியை முற்றும் வாரவுமில்லை. போர்க்காலமாதலின் வேண்டிய பொருள்கள் கிடைப்பதும் அரிதாயிற்று. அவர் மனந்தளர்ந்தாரல்லர். போர் முடிந்தபின் கழிக்கப்பட்ட பொருள்களைத் தேடினார். ஜீப் வண்டியின் இயந்திரம், போர் விமானத்தின் உறுப்பு, எண்ணெய்க் கிணற்றுச் சாதனம் ஆகியவற்றை ஒன்று சேர்த்தார். அமைத்தும் கலைத்தும் மீண்டும் அமைத்தும், 1949-ஆம் ஆண்டில் நற்பயன் தரும் இயந்திரத்தை உருவாக்கினார். முதன்முயற்சி தொடங்கி அதற்குள் ஏழாண்டுகள் கழிந்திருந்தன.

அவ்வியந்திரத்தின் செயல்முறை அறிந்து மகிழத்தக்கது. அடியிலுள்ள கூரிய நீண்ட கத்தி, தளத்தின் மேற்பரப்பை மெல்லியதாகச் சீவுகிறது. சீவிய பொடியை இயந்திரமே வாரித் தன் தொட்டியில் சேர்க்கிறது. பிறகு நீர் பாய்ந்து கீறல்களிலுள்ள அழுக்கைக் கழுவ, அந்நீர் வழித்து உறிஞ்சப்படுகிறது. இறுதியில் பின்புறத்தே தொங்கும் துணி, தூய நீரை மெல்லிய படலமாகப் பரப்புகிறது. இந்நீர் பெரும்பாலும் சூடாகவே விடப்படும். சூடான நீர் மேற்பனியைச் சற்றே உருக்கி அதனுடன் ஒன்றிப் பிணைகிறது. அதில் கரைந்துள்ள காற்றும் குறைவாதலின் உறைந்த பனி தெளிவும் உறுதியும் பெறுகிறது.

இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது. ஓட்டுவோருக்கும் திறமை வேண்டும். ஒரு சுற்றின் ஓரத்தை மறுசுற்றுச் சற்றே தழுவிச் செல்ல வேண்டும். கத்தி ஆழ்ந்தால் தளம் மெலியும். நீர் மிகுந்தால் பனி தடிக்கும். தடித்த பனியை அடியிலுள்ள குளிர் எளிதில் எட்டாது. ஆதலின் நல்ல பணியாளர் பனியின் கனத்தை இடந்தோறும் அளந்தறிந்து வேலை செய்வர். நம் நாட்டின் சிம்லா நகரில் 1920 முதல் விளங்கும் பனித்தளத்தில், மாலையில் தரைமீது நீரைத் தெளித்து இரவுக் குளிரில் உறையவிடும் முறை நெடுங்காலம் வழங்கியது. அங்கு வானம் மூடினால் ஆட்டம் இல்லை. பனித்தளத்தைப் பேணுவது எத்துணை அரிய செயல் என்பது இதனால் விளங்கும்.

1928, 1932, 1936 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் பொற்பதக்கம் வென்ற நார்வே நாட்டு வீராங்கனை சோனியா ஹெனி, 1950-இல் இவ்வியந்திரத்தைக் கண்டு வியந்து தம் ஆட்டக்குழுவுக்காக வாங்கினார். அதனால் அதன் புகழ் பரவிற்று. 1954-இல் பாஸ்டன் நகரத்து ஹாக்கிக் குழுவினர் ஓர் இயந்திரத்தைப் பெற்றனர். 1960-ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்கிலும் அது பணிபுரிந்தது. இயந்திரத்திற்கான காப்புரிமை 1953-இல் கிடைத்தது. தம் நிறுவனத்திற்கு ஊர்ப்பெயரையே இட பிராங்க் விரும்பினார். அப்பெயரை வேறொருவர் முன்னரே பதிவு செய்திருந்தமையால் தம் பெயரை இட்டார். இன்று மேலைநாட்டு மக்கள் அவ்வியந்திரத்தையே சாம்போனி என்றழைக்கின்றனர்.

புகழ் வந்தபின்னும் அவர் பட்டறையை விட்டு அகலவில்லை. 1983-இல், எண்பது வயதைக் கடந்த நிலையிலும், தளத்தின் ஓரங்களில் தடித்துவிடும் பனியைச் செதுக்கும் கருவியைப் படைத்தார். 1988-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27-ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய நிறுவனம் 2012-இல் தன் பத்தாயிரமாவது இயந்திரத்தை வழங்கியது.

ஆடுவோரைக் காண ஆயிரவர் கூடுவர். ஆடுகளத்தைச் செம்மை செய்வோரை எண்ணுவார் சிலரே. நாற்றின் பசுமையைப் புகழ்வோரும் பரம்படித்த கைகளை மறந்துவிடுவதுண்டு. வாழ்வளித்த தொழில் அழிந்தபோது, கற்ற கலையையே முதலாகக் கொண்டு, காண்பார் கருதாத ஒரு பணியை உயர்த்தி வைத்தார் சாம்போனி. பள்ளிப்படிப்பு இடையில் நின்றாலும் கற்கும் ஆர்வம் நில்லாதவர்க்கு உயர்வு உண்டு என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.