தாதியர் பணிக்கு மதிப்புத் தேடித்தந்த டாக்டர் ஐடா ஸ்கடர்

உரும்பிராயிலிருந்து ஒருவரை நெஞ்சுவலியுடனோ விபத்துக் காயங்களுடனோ பலாலி வீதி வழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, அவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டுவிட்டால், அதன் பின்னர் வாசலில் காத்திருப்பதைத் தவிர உறவினர்களுக்கு வேறு வழியில்லை. நோயாளியின் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்வதும், சுவாசக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பதும், படுக்கைப் புண் வராதவாறு அவரை அடிக்கடி புரட்டிப் படுக்கவைப்பதும், மூடாத கண்கள் உலர்ந்துவிடாமல் காப்பதும் முன்பின் அறியாத ஒரு தாதியின் கைகளே. ஆயினும் வாசலில் நிற்போர் கேட்கும் முதற்கேள்வி டாக்டர் என்ன சொன்னார் என்பதாகவே இருக்கின்றது. இரவு முழுவதும் கட்டிலருகே விழித்திருந்தவர் யார் என்று விசாரிப்போர் அரிது.

அந்நிய ஆடவரின் கை தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை அவளது மரணத்தைக் காட்டிலும் பெரிய இழுக்காகக் கருதிய காலம் ஒன்று நம்மவரிடையே இருந்தது. தம் வீட்டுப் பெண் அந்நியரின் உடலைத் தொட்டுப் பணிவிடை செய்வதையும் அவ்வாறே இழிவாகக் கருதினர். முதலாவது எண்ணத்தால் நோயுற்ற பெண்கள் மாண்டனர். இரண்டாவது எண்ணத்தால் அவர்களைப் பராமரிக்கப் பெண்கள் முன்வரவில்லை. இவ்விரு தடைகளோடும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் போராடியவர் டாக்டர் ஐடா ஸ்கடர். அவருடைய களம் தமிழகத்தின் வேலூர். ஆனால் அக்குடும்பத்தின் ஆசியப் பணி வேரூன்றியது யாழ்ப்பாண மண்ணிலேயாகும்.

அவருடைய பாட்டனார் டாக்டர் ஜோன் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து, 1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அமெரிக்கா ஆசியாவுக்கு அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரி அவரே. 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். அதற்கு முந்திய ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பிறந்த மகனான இரண்டாவது ஜோன் ஸ்கடரே ஐடாவின் தந்தை. அவரும் மருத்துவர்தான். இந்தக் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மிஷன் பணிக்கு வந்தனர் என்றால், ஐடாவுக்கும் அந்த வழி முன்பே விதிக்கப்பட்டிருந்தது என்றுதான் எவரும் நினைப்பர்.

உண்மை அதுவன்று. 1870 டிசம்பர் 9ஆம் திகதி இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, இந்தியாவை விட்டு ஓடவே விரும்பினார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும் பஞ்சத்தின்போது, கையால் எடுத்து உண்ணவும் வலுவற்றிருந்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டிய சிறுமி அவர். அந்தக் காட்சிகள் அவரை ஈர்க்கவில்லை, அச்சுறுத்தின. பின்னர் அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடித்த அவர், அங்கேயே மணமுடித்து வசதியாக வாழவே எண்ணியிருந்தார். 1890இல் தாயார் நோயுற்றதால் மட்டுமே தற்காலிகமாகத் திண்டிவனம் திரும்பினார்.

அங்கே ஓரிரவு நிகழ்ந்தது அவருடைய வாழ்வையே திருப்பிப்போட்டது. முதலில் ஒரு பிராமண இளைஞர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடா தமது தந்தையை அழைத்துச்செல்லுமாறு கூறினார். ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட முடியாது என்று மறுத்துவிட்டு அந்த இளைஞர் இருளில் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் இரண்டாமவர் வந்தார். அவர் ஒரு முஸ்லிம். அதே வேதனை, அதே மறுப்பு. மூன்றாவதாக வந்தவர் உயர்சாதி இந்து. அவரும் அவ்வாறே திரும்பினார். ஐடாவுக்கு வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது. மருத்துவமோ தாதிமையோ எதுவும் அறியாதவர். மறுநாள் காலை ஊருக்குள் சாப்பறை கேட்டது. விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

இந்நிகழ்ச்சியை எடுத்துக்கூறுவோர் சிலர் ஏதேனும் ஒரு சமயத்தவரின் மூடத்தனமாக அதைச் சுருக்கிவிடுவதுண்டு. அது நேர்மையாகாது. கதவைத் தட்டிய மூவரும் மூன்று வெவ்வேறு சமூகத்தவர். மூவரையும் ஆட்டிவைத்தது ஒரே ஊர்வழக்கம். உயிராபத்து நேரும் வேளையில், பெண் மருத்துவர் கிடைக்காதவிடத்து ஆண் மருத்துவர் பெண்ணுக்குச் சிகிச்சையளிப்பதை இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே வந்திருக்கின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ருஃபைதா அல் அஸ்லமிய்யா என்ற பெண்மணி மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்து, அகழ்ப்போரில் காயமுற்றோரைப் பராமரித்தார் என்பதையும் இஸ்லாமிய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அத்தகைய முன்மாதிரி இருந்தும் வழக்கமே வென்றது. இந்துக்களிடமும் நிலைமை வேறாக இருக்கவில்லை.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். முதலில் பென்சில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரியிலும், பின்னர் நியூயோர்க்கில் கோர்னெல் மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1899இல் பட்டம் பெற்றார். பெண்களை அனுமதிக்கத் தொடங்கிய கோர்னெலின் முதல் அணியில் அவரும் ஒருவர். ஷெல் என்ற வங்கி உரிமையாளர் தமது மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டொலருடன் 1900இன் தொடக்கத்தில் அவர் வேலூர் வந்துசேர்ந்தார். சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். மூத்த மருத்துவரின் துணையின்றி, பங்களாவின் ஓர் அறையில், ஒரேயொரு கட்டிலுடன் அவர் வைத்தியம் தொடங்கினார். இரண்டாண்டுகளில் சுமார் 5,000 நோயாளர் அவரிடம் வந்தனர். 1902இல் 40 கட்டில்களுடன் மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை எழுந்தது.

கட்டிடம் எழுந்த பின்னரே உண்மையான குறை வெளிப்பட்டது. காலையில் சத்திரசிகிச்சை செய்த மருத்துவரே இரவில் அந்த நோயாளியின் அருகிலும் விழித்திருக்க இயலாது. காய்ச்சல் ஏறுகிறதா, இரத்தம் கசிகிறதா, நாடித்துடிப்பு தளர்கிறதா என்று பார்த்து, பார்த்ததன் பொருளை உணர்ந்து செயற்படும் ஒருவர் தேவை. வீட்டுப் பணிப்பெண்களைப் பழக்கிச் சில காலம் சமாளித்த ஐடா, முறையான பயிற்சியின்றிப் பலனில்லை என்று கண்டு 1909இல் தாதியர் பயிற்சிப் பாடசாலையைத் தொடங்கினார். அமெரிக்கத் தாதியான டெலியா ஹவுட்டன் அதன் பொறுப்பை ஏற்றார். மலஜலம் அள்ளும் வேலைக்கு நல்ல குடும்பத்துப் பெண்கள் வருவார்களா என்று ஊர் கேட்டது. தொடக்கத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். மற்றவர்களின் வீட்டுக் கதவுகள் திறக்க நெடுங்காலம் பிடித்தது. இன்றும் எல்லாக் கதவுகளும் திறந்துவிடவில்லை. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் தம் தாயை ஒரு பெண்ணே குளிப்பாட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கும் தமிழரும் முஸ்லிம்களும், தமது மகள் தாதியாக விரும்பினால் தயங்குவதை நாம் காண்கிறோம்.

வைத்தியசாலைக்கு வர இயலாதோரைத் தேடி வேலூரிலிருந்து குடியாத்தம் வரை வாரந்தோறும் வீதியோர மருத்துவம் நடத்தியதும் ஐடாவின் சாதனைகளில் ஒன்று. மாட்டுவண்டியில் தொடங்கிய அப்பயணம் பின்னர் மோட்டார் வாகனத்துக்கு மாறியது. மரநிழலே சிகிச்சைக்கூடம். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையை அவர் தொடங்க முற்பட்டபோது, விண்ணப்பங்கள் மூன்று வந்தாலே பெரிது என்று சென்னை மருத்துவ அதிகாரி எச்சரித்தார். 151 விண்ணப்பங்கள் வந்தன. முதற்பரீட்சை எழுதிய 14 மாணவியரும் சித்தியடைந்தனர். 1928இல் காந்தியடிகள் வேலூர் வந்து பார்த்தார்.

1938இல் அரசாங்கம் மருத்துவப் பாடசாலைகள் யாவும் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் தரத்துக்கு உயரவேண்டும் என விதித்தது. பணமில்லை. எழுபதை எட்டிய வயதில் ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி கேட்டு அலைந்தார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டாலன்றிக் கல்லூரி பிழைக்காது என்ற நிலை வந்தபோது அவர் மனம் தடுமாறியதில் வியப்பில்லை. பெண்களுக்காக நிதி திரட்டித் தந்த நீண்டகாலத் தோழி லூசி பீபொடி அதைக் கடுமையாக எதிர்த்தார். ஐடா இறுதியில் இணங்கினார். ஒரு நட்பைப் பணயம் வைத்தே இக்கல்லூரி காப்பாற்றப்பட்டது என்பதை அவரைப் புகழ்வோர் அதிகம் பேசுவதில்லை. அதே காலத்தில், 1946இல், வேலூரில் தாதியியல் பட்டப்படிப்பு தொடங்கியது. இந்தியாவில் அதனை முதலில் தொடங்கிய இரு கல்லூரிகளில் ஒன்று டில்லியிலும் மற்றையது வேலூரிலும் அமைந்தன. அவ்வாண்டிலேயே ஐடா ஓய்வு பெற்றார்.

அவர் கொடைக்கானலில் ஓய்ந்திருந்த காலத்திற்றான், 1952இல், டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவிச் சுவாசத் தசைகள் செயலிழந்தோர் குவிந்தனர். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாகக் கையால் காற்றுப்பையை அழுத்தி அவர்களுக்கு உயிர்மூச்சு அளித்தனர். அந்த அனுபவத்திலிருந்தே டாக்டர் பியோர்ன் இப்சன் அடுத்த ஆண்டு அதிதீவிர சிகிச்சைப் பிரிவை அமைத்தார். பின்னர் இயந்திரங்கள் வந்தன. எனினும் இயந்திரத்தின் எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது குழாய் அடைத்ததா, நோயாளி அச்சத்தால் திமிறுகிறாரா என்று கண்டறிய ஒரு மனிதர் அருகில் இருந்தாக வேண்டியிருக்கிறது. வேலூரிலும் திறந்த இதய சத்திரசிகிச்சை தொடங்கியபோது, நெஞ்சு தைக்கப்பட்ட பின்னரான நீண்ட இரவுகளைத் தாங்கப் பயிற்சி பெற்ற தாதியர் அங்கே ஆயத்தமாக இருந்தனர்.

உரும்பிராய்க்கு அயலூரான இணுவிலில் 1898இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென எழுந்த மக்லியொட் வைத்தியசாலையும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய யாழ்ப்பாணத்துத் தாய்மார் பெண் மருத்துவர்களையும் தாதியரையும் நாடி அங்கே வந்தனர். எங்கள் பக்கத்து முதியோர் பலர் பிறந்ததும் அங்கேதான்.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. முதுமையிலும் டென்னிஸ் ஆடினார். பெயரையும் நாட்டையும் மட்டும் எழுதி எவரோ அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கடிதமொன்று, ஊர்ப்பெயரின்றியே அஞ்சல்காரர் கைவழியாக அவரை வந்தடைந்ததாம். 1960 மே மாதம், 89ஆவது வயதில், அவர் கொடைக்கானலில் காலமானார். ஒரு கட்டிலுடன் அவர் தொடங்கிய வைத்தியசாலையில் அன்றிரவும் தாதியர் வழமைபோல் கடமையிலிருந்தனர்.