தியாகராஜ பாகவதர்: கோர்ட் விடுதலை செய்தும் சினிமா ஏன் திரும்பக் கிடைக்கல?

1944 தீபாவளிக்கு ரிலீஸான 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம். அது ஓடிய பெரும்பாலான நாட்கள் அதன் ஹீரோ எம்.கே.தியாகராஜ பாகவதர் ஜெயிலில் இருந்தார். அப்படி என்ன நடந்தது?

யார் இவர்?

1910-ல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். நாடக மேடையில் பாடிக்கொண்டிருந்தவரை 1934-ல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்குக் கொண்டுவந்தார் இயக்குநர் கே.சுப்ரமணியம். தமிழ் சினிமா பேச ஆரம்பித்து மூணே வருஷம் ஆன நேரம் அது. பாடத் தெரிந்தவர்தான் ஹீரோ. 1937-ல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' இரண்டும் ஹிட். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் ஆனார்.

என்ன வழக்கு?

சினிமாக்காரர்களின் சொந்த வாழ்க்கையைக் கிசுகிசுவாக எழுதிவந்தவர் 'இந்து நேசன்' பத்திரிகையின் லட்சுமிகாந்தன். 1944 நவம்பர் 8-ம் தேதி வேப்பேரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் இறந்தார். கொலைச் சதி என்று பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைதானார்கள். அப்போது ஜூரி முறை இருந்தது. அதாவது, குற்றவாளியா இல்லையா என்று சொன்னது பொதுமக்களில் இருந்து தேர்வான ஜூரர்கள். நாயுடு தப்பினார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டில் போட்ட அப்பீலும் தள்ளுபடி.

லண்டனுக்கு ஏன் போனது?

இந்தியாவுக்கு அப்போது சுப்ரீம் கோர்ட் கிடையாது. கடைசி அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சிலில்தான். அது அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லி, வழக்கை சென்னைக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் ஹைகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது.

அப்புறம்?

கிருஷ்ணன் மீண்டுவந்தார், 1951-ல் 'மணமகள்' படத்தை இயக்கி ஹிட் கொடுத்தார். பாகவதரின் 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா' எதுவும் பழைய இடத்தைத் தரவில்லை. காரணம் ஜெயில் மட்டுமில்லை. 1949-ல் 'வேலைக்காரி', 1952-ல் 'பராசக்தி' என ஜனங்கள் வசனத்துக்குக் கைதட்டத் தொடங்கியிருந்தார்கள். பாட்டை நம்பி வந்த ஹீரோவுக்கு அங்கே வேலை குறைந்துபோனது. காமெடிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

1959 நவம்பர் 1-ம் தேதி பாகவதர் காலமானார். வயது 49. கடைசிப் படம் 'சிவகாமி' வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. தண்டனையை ரத்து செய்ய கோர்ட்டால் முடிந்தது. உச்சத்தில் இருந்தபோது போன அந்த இரண்டு வருஷத்துக்கும் மேலான காலத்தைத் திருப்பித் தர எந்தக் கோர்ட்டாலும் முடியவில்லை.