உதகை ஏரி கண்ட துரை

பங்குனி, சித்திரை மாதங்களில் நமது மரக்காணம் உப்பளங்களில் வெயிலே முதலாளி. பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்பு விளையும். வாருகிறவர் உடலும் உடன் வற்றும். அதே மாதங்களில், கையில் நாலு காசு சேர்ந்த குடும்பங்கள் மேட்டுப்பாளையம் போய் மலை ரயிலேறி உதகமண்டலம் சேர்கின்றன. குழந்தைகள் ஏரியில் படகேறுகிறார்கள். பெரியவர்கள் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாச் சிகரத்தில் நின்று மேகம் காலடியில் தவழ்வதைப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த ஏரி இயற்கையாய் அமைந்ததல்ல. ஒரு மனிதர் சொல்லி, ஓடைக்கு அணை கட்டி உண்டானது. ஜான் சல்லிவன் என்ற அந்த மனிதரின் வாழ்க்கையை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

1788-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் பிறந்த சல்லிவன், மீசை முளைக்கும் முன்னரே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராய்ச் சேர்ந்து சென்னை வந்தார். படிப்படியாக உயர்ந்தார். நமக்கு அண்டைச் சீமையாகிய செங்கற்பட்டிலும் சிலகாலம் உத்தியோகம் பார்த்தார். ஆகவே இந்தக் கரையோரத்து வெக்கையும் புழுக்கமும் அவர் அறியாதவை அல்ல. 1815-இல் கோயமுத்தூர் கலெக்டராகப் பொறுப்பேற்றார்.

கோயமுத்தூரிலிருந்து பார்த்தால் நீலமலை தெரியும். பார்த்தவர்கள் அநேகர், ஏறியவர்கள் வெகு சிலர். தோதவர், படகர், கோத்தர், இருளர், குறும்பர் முதலிய மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்துவந்தனர் என்பது உண்மையே. வெளிநாட்டார் அம்மலையைப்பற்றி எழுதிவைத்த முதல் செய்தி, சல்லிவனுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முந்தியது. மலைமேல் கிறிஸ்தவர்கள் இருப்பதாக எழுந்த வதந்தியைக் கேட்டு, பெனிசியோ என்ற சேசு சபைக் குருவானவர் 1603-இல் மலையாளக் கரையிலிருந்து காடு கடந்து ஏறிப்போனார். கிறிஸ்தவர்கள் அகப்படவில்லை, எருமை மேய்க்கும் தோதவரைக் கண்டு பேசித் திரும்பினார். அப்புறம் அந்த வழியை எல்லோரும் மறந்தேபோனார்கள்.

1818-இல் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்ற இருவர் மேலே போய்வந்து, அங்கே குளிர்ந்த காற்றும் புல்வெளியும் உண்டென்று சொன்னார்கள். மறு ஆண்டு ஜனவரியில் சல்லிவன் தாமே புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது. கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டியில் முகாம் போட்டார்.

அந்த ஆண்டில் அவரோடு மலையேறியவர்களில் ஒருவரை நாம் சொல்லாமல் விடக்கூடாது. அவர் பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயற்கை நூல் வல்லுநர் லெஷெனோ தெ லா தூர். செடி கொடிகளைத் தேடி நாடு நாடாய் அலைந்து உடல் நலிந்திருந்த அவர், மலைக்காற்றில் சில நாளிலேயே தேறிவிட்டார். நீலமலைக்குப் போனால் நோய் தீரும் என்ற பேச்சுக்கு முதல் சாட்சிகளில் ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்பதில் நமக்குச் சிறிது பெருமை இருக்கலாம்!

பிறகு வேலைகள் விரைந்து நடந்தன. சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்குப் பாதை வெட்டக் கைதிகளை அனுப்பினார்கள். 1823-இல் அது முடிந்தது. செங்குத்தான பாறையிலும் காய்ச்சல் காட்டிலும் அந்தக் கைதிகள் பட்ட பாட்டை யாரும் விரிவாய் எழுதிவைக்கவில்லை. நினைத்துப் பார்ப்பதோடு நாமும் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1820-இல் சல்லிவனுக்கும் ஹென்ரியெட்டா ஹாரிங்டன் அம்மாளுக்கும் விவாகம் நடந்தது. அம்மலையில் குடியிருந்த முதல் ஐரோப்பிய மாது அவரே. 1822-இல் தோதவரிடம் நிலம் வாங்கி, உதகையின் முதல் கல்வீட்டை எழுப்பத் தொடங்கினார். மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். இன்று அங்கே அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. 1823-க்கும் 1825-க்கும் இடையில் ஏரி உண்டாயிற்று. உருளைக்கிழங்கும் சீமைக் காய்கறிகளும் பயிராயின. இன்று நம் வீட்டுக் குழம்பில் மிதக்கும் ஊட்டிக் கிழங்குக்கு வயது இருநூறு. 1826-இல் கவர்னர் சர் தாமஸ் மன்றோ வந்து சல்லிவனின் விருந்தாளியாய்த் தங்கி மகிழ்ந்தார்.

மன்றோ 1827-இல் காலமானார். அடுத்து வந்த கவர்னர் லஷிங்டனுக்கும் உதகை பிடித்துப்போயிற்று, சல்லிவனைத்தான் பிடிக்கவில்லை. மலையை நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்களின் ஆரோக்கிய நிலையமாக்கி, இராணுவ அதிகாரியின் கையில் கொடுத்தார். 1830-இல் மலையின் மேற்குப் பகுதியைக் கோயமுத்தூரிலிருந்து பிரித்து மலபாரோடு சேர்த்தார்கள். பாடுபட்டு வளர்த்த ஊர் சல்லிவனின் அதிகாரத்தை விட்டுப் போயிற்று.

இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருவருக்கும் நடுவே இருந்தது: மலை யாருடையது? தோதவருக்கு எருமை மேய்க்கும் உரிமை மாத்திரமே உண்டு, மண் சர்க்காருடையது என்பது லஷிங்டன் கட்சி. தோதவர் அந்த மண்ணுக்குப் பரம்பரைச் சொந்தக்காரர், சர்க்காரே ஆனாலும் அவர்கள் சம்மதித்து, உரிய பணம் பெற்ற பிறகே எடுக்கவேண்டும் என்பது சல்லிவன் கட்சி. எழுத்தில்லாத, பட்டாவில்லாத, கோர்ட்டு வாசல் அறியாத ஒரு சிறு கூட்டத்தாருக்காக ஒரு கலெக்டர் தம் கவர்னரை எதிர்த்து எழுதினார். தலைமுறை தலைமுறையாய் உழைத்த மண்ணுக்குக் காகிதம் காட்டச் சொன்னால் திகைத்து நிற்பது எப்படியிருக்கும் என்று நம் கரையோரத்து மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் சல்லிவனை வெறும் நல்லவராக மட்டும் சித்திரித்தால் அது நியாயமாகாது. ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்று தோதவருக்குக் கொடுத்து நிலம் வாங்கியவரும் அவரே. உதகையில் மற்ற ஐரோப்பியர் அனைவரும் சேர்ந்து வைத்திருந்ததைப் போல ஐந்து மடங்கு நிலம் ஒருகாலத்தில் அவர் ஒருவர் கையில் இருந்தது. சொந்தக்காரர் தோதவர் என்று அவர் வாதாடியபோது, தாம் வாங்கிய கிரயம் செல்லவேண்டும் என்ற எண்ணமும் உள்ளே இருந்திருக்கும் என எதிரிகள் பேச இது இடங்கொடுத்தது. நமக்குத் தோன்றுவது: வாதம் நியாயமானது, வாதாடியவரின் கை முழுதும் சுத்தமானதல்ல. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன.

சிலகாலம் கழித்து சல்லிவன் சென்னை ரெவினியூ போர்டிலும் கவர்னரின் ஆலோசனைச் சபையிலும் உயர்ந்த பதவி பெற்றார். உதகைக்கும் வந்துபோய்க்கொண்டிருந்தார். அங்கேதான் பேரிடி விழுந்தது. 1838-இல் மகள் ஹாரியெட் இறந்தாள். அதே ஆண்டில் மனைவியும் இறந்தார். பிள்ளைகள் பலரைப் பெற்ற தாய்க்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. உடல் தேற்றும் மலை என்று ஊரெல்லாம் புகழ்பெற்ற இடம், அதை உலகுக்குச் சொன்னவரின் வீட்டையே காலியாக்கியது. இருவரையும் புனித ஸ்தேவான் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த ஆலயத்துக்கு 1829-இல் அடிக்கல் நாட்டியவர் வேறு யாருமல்ல, கவர்னர் லஷிங்டனே. அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை.

1841-இல் சல்லிவன் கப்பலேறினார். மனைவியும் மகளும் மலையிலேயே இருந்தார்கள். சீமைக்குப் போன பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. சுதேச சமஸ்தானங்களைக் கம்பெனி ஒவ்வொன்றாய் விழுங்குவதைக் கண்டித்து எழுதினார். உடன்படிக்கை செய்துகொடுத்த வாக்குக்குக் கம்பெனி கட்டுப்படவேண்டாமா என்று கேட்டார். இந்நாட்டு மக்களின் கையில் ஆட்சிப் பொறுப்பு சேரவேண்டும் என்று வாதித்தார். அந்நாளில் அதைக் கேட்டவர்கள் சிலரே. 1855 ஜனவரி 16-ஆம் நாள் இங்கிலாந்தில் காலமானார். இரண்டு வருஷம் கழிந்து 1857-இல் வடநாட்டில் பெருங்கலகம் வெடித்தது.

கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் அவர் தங்கிய பழைய பங்களாவைச் செப்பனிட்டு நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். மலைக்குப் போகும் நம் குடும்பங்கள் அதையும் ஒருமுறை பார்த்துவரலாம். ஏரியோ அவர் கண்டதைவிடச் சிறுத்துவிட்டது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கிற இடத்தில் ஒருகாலத்தில் தண்ணீர் நின்றது. தோதவர் இன்றும் சுற்றுப்புற மந்துகளில் எருமை வளர்த்து வாழ்கிறார்கள். அவர்கள் தொகை சுமார் இரண்டாயிரம்.