கூட்டிக் கழித்த ஆலன் பிளம்லைன்

உங்கள் வீட்டு ஹோம் தியேட்டரில் ஒரு ஸ்டீரியோ பாட்டைப் போடுகிறீர்கள். பதிவில் இருப்பது இடது, வலது என்று இரண்டே சேனல். 'சரவுண்ட்' பொத்தானைத் தட்டினால் ஐந்து ஸ்பீக்கரும் பாடுகின்றன. மீதி மூன்றுக்கும் ஒலி எங்கிருந்து வந்தது? இதற்கு விதை போட்டவர் ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர்.

1903-ல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதில் வாசிப்பு தாமதமாகத்தான் வந்ததாம், கணக்கு அப்படியில்லை. 1931 வாக்கில், பின்னாளில் மனைவியான டோரீனுடன் சினிமாவுக்குப் போனார். நடிகர் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தார். குரலோ இருந்த இடத்திலேயே இருந்தது. பிளம்லைனுக்கு அது பொறுக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில், இரு சுவர்களிலும் இரண்டு சேனல்களைப் பதிக்கும் வழிகூட அதில் இருந்தது.

நமக்கு வேண்டியது அதிலுள்ள கூட்டல் கழித்தல் கணக்கு. இடதையும் வலதையும் கூட்டினால், இரண்டிலும் சமமாக இருக்கும் ஒலி, அதாவது நடுவில் நிற்கும் பாடகர் குரல், ஓங்கி வரும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அந்தக் குரல் காணாமல் போய், அரங்கத்தின் எதிரொலி, கைதட்டல், ஓரத்து வாத்தியங்கள் மிஞ்சும். நம் பொங்கல் விழாவில் கரோக்கிக்காகப் பாட்டிலிருந்து குரலை நீக்குகிறோமே, அதற்கான பழைய எளிய வழியும் இதே கழித்தல்தான்.

1970-களில் டால்பி நிறுவனம் இதைத் தியேட்டருக்குக் கொண்டுபோனது. நான்கு சேனலை இரண்டில் மடித்துப் பதித்து, அரங்கில் பிரித்தார்கள். கூட்டியது நடு ஸ்பீக்கருக்கு; கழித்தது, சற்றே தாமதித்துப் பின் ஸ்பீக்கர்களுக்கு. தாமதம் எதற்கு? நம் காது முதலில் வரும் ஒலியின் திசையைத்தான் நம்பும். வசனம் திரையிலிருந்தே வருவதாகத் தோன்றும். இன்றைய ரிசீவர்கள் ஒவ்வொரு அதிர்வெண் பகுதிக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியாகப் போடுகின்றன.

ஒன்று கவனியுங்கள். பழைய மோனோ பாட்டில் இடதும் வலதும் ஒன்றே. கழித்தால் பூஜ்யம், பின் ஸ்பீக்கர் ஊமையாகத்தான் இருக்கும். பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடாதீர்கள்!

1934-ல் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் ஒரு முழு இசைக்குழுவையே ஸ்டீரியோவில் பதிவு செய்து காட்டினார் பிளம்லைன். அவர் வேலை பார்த்த ஈ.எம்.ஐ. நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. பிறகு போர். விமானத்தில் பொருத்தும் ரேடாரில் வேலை செய்தார். 1942 ஜூன் 7 அன்று, அதைச் சோதித்துக்கொண்டிருந்த ஹாலிஃபாக்ஸ் விமானம் தீப்பிடித்து விழுந்தது. இறந்த 11 பேரில் அவரும் ஒருவர். வயது 38; வீட்டில் இரண்டு சின்னப் பையன்கள். ரேடார் ரகசியம் என்பதால் மரணச் செய்திகூட வெளியிடப்படவில்லை.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 வாக்கில்தான் பரவலாகக் கடைகளுக்கு வந்தன. அவருடைய காப்புரிமை 1952-லேயே காலாவதியாகியிருந்தது.