துடைப்பம் எடுத்த செயலாளர்

பாரதியார் குருவாகப் போற்றிய சகோதரி நிவேதிதையை நாம் அறிவோம். 1867-ல் அயர்லாந்தில் மார்கரெட் நோபிளாகப் பிறந்தவர். 1898-ல் கல்கத்தா வந்து, பாக்பஜார் பகுதியில் குடியேறினார்.

மறு ஆண்டு அந்நகரில் பிளேக் நோய் பரவியது. ராமகிருஷ்ண மிஷன் ஒரு நிவாரணக் குழு அமைத்தது. நிவேதிதை அதன் செயலாளர். சுவாமி சதானந்தர் துப்புரவுப் பணியாளர்களுடன் சேரிகளைச் சுத்தம் செய்தார். நிவேதிதை பத்திரிகைகள் மூலம் நிதி கேட்டார். மாணவர்களைக் கூட்டிப் பேசினார். சுமார் 15 பேர் முன்வந்தனர்.

ஒருநாள் தெருவைப் பெருக்க ஆள் இல்லை. நிவேதிதையே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கினார். வேடிக்கை பார்த்த இளைஞர்கள் வெட்கப்பட்டு, அதைத் தாங்கள் வாங்கிக்கொண்டனர்.

பிளேக் கண்ட ஒரு சேரிச் சிறுவனை மடியில் வைத்துப் பராமரித்தார். அந்தக் குடிசைக்கு ஏணி வைத்துத் தாமே வெள்ளையடித்தார். தாயை இழந்திருந்த அந்தச் சிறுவன் பிழைக்கவில்லை; அவர் மடியிலேயே உயிர்விட்டான்.

1911 அக்டோபர் 13 அன்று டார்ஜிலிங்கில் நிவேதிதை காலமானார். அப்போது அவருக்கு வயது 43.

குழு வேண்டும், நிதி வேண்டும், கணக்கும் வேண்டும். வங்கியில் கணக்கெழுதியே ஓய்வுபெற்ற எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தெரு சுத்தமானது, செயலாளரே துடைப்பத்தை எடுத்த பிறகுதான்.