காவற்றலைவர் பிரான்சிஸ் ஓநீல்: வாழ்வும் குடும்பமும்

ஒருவர் தாம் வகித்த பதவியினால் அறியப்படுதல் உலகியல்பு. பதவி நீங்கியவுடன் அவ்வறிமுகமும் நீங்குதல் பெரும்பான்மை. பதவியிலிருந்த காலத்து இடையிடையே வாய்த்த ஓய்வுப் பொழுதில் செய்து முடித்த ஒரு பணியினால், பதவி மறக்கப்பட்ட பின்னரும் ஒரு நாட்டினரால் நன்றியோடு நினைக்கப்படுவோர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் சிகாகோ மாநகரத்தின் காவற்றுறைத் தலைவராயிருந்து ஓய்வு பெற்ற பிரான்சிஸ் ஓநீல் என்பார். அவர்தம் வரலாற்றைச் சுருக்கி ஈண்டு உரைப்பாம்.

அயர்லாந்து நாட்டின் தென்மேற்குப் பகுதியாகிய கார்க்கு மாவட்டத்தில், பான்றி என்னுந் துறைமுக ஊருக்கு அணித்தாயுள்ளது டிராலிபேன் என்னுஞ் சிற்றூர். அவ்வூரில் 1848-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்கள் 28-ஆம் நாள் ஓநீல் பிறந்தனர். அக்காலம் அந்நாட்டிற்குக் கொடியதொரு காலம். ஏழை மக்களின் முதலுணவாகிய உருளைக்கிழங்குப் பயிர் 1845-ஆம் ஆண்டு முதல் நோய்ப்பட்டு அழிய, பெரும்பஞ்சம் மூண்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அத்துணையர் பிறநாடு நோக்கிப் புறப்பட்டனர். மாண்டோரோடும் பிரிந்தோரோடும் அந்நாட்டின் பழைய இசையும் மறையலாயிற்று. ஏனெனில் அவ்விசையின் பெரும்பகுதி ஏட்டில் இல்லை. குழலூதுவோர், பிடில் வாசிப்போர், துருத்திக்குழல் இசைப்போர் ஆகியோரின் நெஞ்சிலும் விரலிலுமே இருந்தது. ஓர் இசைவாணன் இறந்தால் அவனோடு நூறு மெட்டுக்கள் இறந்தன.

ஓநீலின் வீட்டிலோ அவ்விசை வாழ்ந்துகொண்டிருந்தது. பெற்றோர் பழம்பாடல்களை நன்கறிந்தவர். தாயைப் பெற்ற பாட்டனாரின் இல்லம், ஊர்ஊராய்த் திரியும் இசைவாணர்க்கு உணவும் உறையுளும் அளித்த இல்லம். அயலிலிருந்த டிமொத்தி டவுனிங் என்னும் நிலக்கிழார் சிறுவராகிய ஓநீலுக்குக் குழல் கற்பித்தார். பள்ளியில் கணக்கிற் சிறந்து விளங்கிய அவரை ஆசிரியத் தொழிலுக்கு விடுக்கப் பெற்றோர் எண்ணினர். ஆயின் கார்க்கு நகரில் ஆயரைக் கண்டு பேசுதற்குக் குறித்த வேளை தவறிப்போகவே, 1865-ஆம் ஆண்டில் அவர் மரக்கலத் தொழிலாளியாய்க் கடலேறினார். வேளை தவறிய அச்சிறு நிகழ்ச்சி அவர்தம் வாழ்வின் போக்கையே மாற்றிவிட்டது.

கடல் வாழ்வில் உலகைச் சுற்றி வந்தனர். பசிபிக் மாகடலில் பேக்கர் தீவினருகே அவர் சென்ற மினஹாகா என்னுங் கலம் உடைந்தது. உயிர் தப்பியோரைப் பின்னர் வேறொரு சிறு கலம் ஏற்றிக்கொண்டது. அதில் உணவு மிகக் குறைவு. அக்கலத்துப் பணிபுரிந்த பசிபிக் தீவினன் ஒருவன் குழலொன்று வைத்திருந்தனன். ஓநீல் அதை வாங்கித் தாமும் ஊதினர். மொழியறியாத அவ்விருவரையும் இசை நண்பராக்கிற்று. அவன் தன் உணவில் நாடோறும் ஒரு பங்கை இவர்க்கு ஈந்தான். ஏனையோர் மெலிந்து கரையேற, இவர் உடல்நலத்தோடு ஹொனலூலுவில் இறங்கினர். இசை தம்மைக் காத்ததனை அவர் முதுமையளவும் மறந்திலர்.

பின்னர்க் கலிபோர்னியா மலைப்பகுதியில் ஆடு மேய்த்தும், மிசௌரி மாநிலத்து எடினா என்னும் ஊரில் பள்ளியாசிரியராயிருந்தும் காலங் கழித்தனர். 1870-ஆம் ஆண்டில் அன்னா ரோஜர்ஸ் என்னும் நங்கையை மணந்தனர். அவ்வம்மையாரும் அயர்லாந்திற் பிறந்தவரே. ஓநீல் மாலுமியாயிருந்த கலமொன்றில் அமெரிக்காவுக்குப் பயணஞ் செய்தபோது இருவரும் முதற்கண் சந்தித்தனர். மணமான பின் சிகாகோ நகரிற் குடியேறி, புகைவண்டிச் சரக்கு நிலையத்தில் உழைத்து, 1873-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அந்நகரக் காவற்றுறையிற் கடைநிலைக் காவலராய் அமர்ந்தனர்.

சேர்ந்த அவ்வாண்டிலேயே கள்வன் ஒருவனை மடக்கிப் பிடிக்கையில் அவன் சுட்ட குண்டு இவருடம்பிற் பாய்ந்தது. முதுகெலும்பினருகே தங்கிய அதனை மருத்துவர் எடுத்திலர். இறக்குமளவும் அதனை அவர் உடம்பிலேயே சுமந்தார். அதன்பின் தேர்ச்சியாலும் நேர்மையாலும் படிப்படியே உயர்ந்து, 1901-ஆம் ஆண்டில் மாநகரக் காவற்றுறையின் தலைமைப் பதவியை எய்தினர். அப்பொழுது சிகாகோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 17 இலட்சம். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மக்கின்லி சுடப்பட்டபோது, அரசை மறுக்குங் கொள்கையுடைய எம்மா கோல்டுமன் என்னும் அம்மையார் ஐயத்தின்பேரில் சிகாகோவிற் பிடிபட்டனர். நாடே வெகுண்டிருந்த அவ்வேளையிலும் ஓநீல் அவரைத் தாமே வினவி, குற்றத்தில் அவர்க்குத் தொடர்பில்லையெனத் தெளிந்து, கண்ணியமாக நடத்தினர். அம்மையார் பிற்காலத்துத் தம் வரலாற்று நூலில் இதனை நன்றியோடு குறித்துள்ளார்.

இனி அவர்தம் பெரும்பணியைக் கூறுவாம். சிகாகோவில் அயர்லாந்தினர் திரளாகக் குடியேறியிருந்தனர். ஒரு நாட்டின் பல மூலைகளில் ஒருவரையொருவர் அறியாது வாழ்ந்த இசைவாணர், கடல் கடந்த ஒரே நகரில் அண்டை வீட்டாராயினர். ஓநீல் அவர்களைத் தேடிக் கண்டு மெட்டுக்களைக் கேட்டனர். கேட்டதை மறவாத நினைவாற்றல் அவர்க்கு இயல்பாய் வாய்த்திருந்தது. ஆயின் இசைக்குறி எழுதுந் திறம் அவரிடம் குறைவு. அக்குறையை நிறைத்தவர் அதே துறையிற் பணிபுரிந்த ஜேம்ஸ் ஓநீல் என்பார். பெயரொற்றுமையன்றி இருவர்க்கும் உறவில்லை. பிரான்சிஸ் குழலிலேனும் வாயாலேனும் இசைப்பார். ஜேம்ஸ் கேட்டு எழுதுவார். தாய் தந்தையர் பாடிய மெட்டுக்கள் அழியாதிருக்கவேண்டும் என்னும் அளவில் தொடங்கிய முயற்சி, 1850 மெட்டுக்கள் கொண்ட ஒரு பெருநூலாக 1903-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமக்குரிய மெட்டுக்களைப் பிறர்க்கு ஈய மனமில்லாத இசைவாணரும் பலர் இருந்தனர். அவர்களை நட்பினாலும் பொறுமையினாலும் இவர் இணக்கினர். இசைவல்லாரைத் தேடிக் காவற்றுறையிற் சேர்க்கின்றார் என்னும் ஏளனப் பேச்சும் நகரில் எழுந்தது.

நூல் வெளிவந்த மகிழ்ச்சி நீடித்திலது. 1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் இரொக்குவா நாடக அரங்கிற் பற்றிய தீயில் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளும் ஆவர். நகர்க்காவலின் தலைவர் என்னும் முறையில் அப்பெருந்துயரின் பாரத்தை அவர் ஏற்க நேர்ந்தது. மறுவாண்டாகிய 1904-இல் துயர் அவர்தம் இல்லத்திலேயே புகுந்தது. ஓநீல் தம்பதியர் மக்கட்செல்வம் மிகப் பெற்றவர், பதின்மர் பிறந்தனர். ஆயினும் பலர் இளமையிலேயே இறந்துபட, எஞ்சிய ஆண்மகன் ரோஜர்ஸ் ஒருவனே. தாய்க்குலத்தின் பெயர் பூண்ட அம்மகன், கல்லூரிப் பருவத்தில், மூளையுறை நோயினால் 1904-இல் உயிர் நீத்தான். பெற்றோர்க்குப் பெண்மக்கள் நால்வரே எஞ்சினர்.

அதன்பின் அன்னா அம்மையார் அவ்வில்லத்தில் இசை ஒலிக்கப் பொறுத்திலர். ஒரு நாட்டின் இசை முழுதையும் தொகுத்தவருடைய வீட்டிற் குழலும் பிடிலும் ஓய்ந்தன. மனைவியின் துயரத்தை ஓநீல் மதித்தனர், பணியையோ கைவிட்டிலர். கேட்பாரற்ற அமைதியில் அவர் எழுதுகோலைக் கையிற் கொண்டனர். 1905-ஆம் ஆண்டில், 32 ஆண்டு உழைத்த துறையினின்றும் ஓய்வு பெற்று, எஞ்சிய காலத்தை இதற்கே ஈந்தனர்.

1906-இல் தாயகஞ் சென்று பார்த்தபோது, தாம் இளமையிற் கேட்ட இசை அங்குப் பெரிதும் தேய்ந்திருத்தல் கண்டு உளம் நொந்தனர். அந்நோவு அவர்தம் முயற்சியைத் தளர்த்தாது வளர்த்தது. கூத்துக்குரிய 1001 மெட்டுக்களடங்கிய நூல் 1907-இல் வெளிவந்தது. இசை திரட்டிய வரலாற்றைக் கூறும் நூல் 1910-இலும், இசைவாணர் வாழ்க்கையைக் கூறும் நூல் 1913-இலும் தோன்றின. பெயரும் ஊரும் அறியப்படாது மடிந்திருக்கவேண்டிய ஏழைக் கலைஞர் பலர் இவ்விறுதி நூலால் வரலாற்றில் இடம்பெற்றனர். 1931-ஆம் ஆண்டில் தாம் அரிதின் ஈட்டிய நூலகத்தை நாட்டர் டேம் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினர். 1936-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தம் 87-ஆம் வயதில், சிகாகோவில் உயிர் துறந்தனர்.

அவர் நூல்களிற் குறையில்லையென யாம் கூறேம். ஒரே மெட்டு வேறு பெயர்களோடு இருமுறை வந்துள்ளது. அச்சுநூல்களினின்றும் எடுத்தன வாய்வழிப் பெற்றனவற்றோடு கலந்துள்ளன. எழுத்திற் படிந்த இசை, விரலின் நுட்பம் அனைத்தையும் தாங்கவியலாது. இக்குறைகளை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். ஆயினும் 1907-இல் வெளிவந்த தொகுதி அயர்லாந்து இசைவாணரிடையே வேறு அடைமொழி வேண்டாது நூல் என்னும் பொதுப்பெயராலேயே வழங்கும் பெருமை பெற்றது. வாங்கிய நாட்டிற்கு அவ்விசை நூல்வடிவில் திரும்பிச் சென்றது. பெற்றோர் மறந்ததனைப் பிள்ளைகள் அந்நூலிற் கண்டு கற்றனர்.

ஓநீலின் பெயர் தாங்கி நிற்க ஆண்மகன் எஞ்சவில்லை. ஆயின் அவர் எழுதிவைத்த தன்வரலாற்றுக் குறிப்புக்களை மகளிர் வழிவந்தோர் போற்றிப் பாதுகாத்தனர். அவை 2008-ஆம் ஆண்டில் அச்சேறின. பிறந்த டிராலிபேனில் குழலூதும் கோலத்தில் அவர்தம் சிலை நிற்கின்றது. காவற்றலைவர் நகரத்துப் பொருளைக் காத்தமை அவர் கடமை. அதற்கு ஊதியம் பெற்றனர். காணாமற்போனதென்று எவரும் முறையிடாத ஒரு செல்வத்தைத் தாமே உணர்ந்து, துயரின் நடுவிலும் தேடிக் காத்தமை அவர் அன்பு, அதற்கு ஊதியமில்லை. அவரை இன்றளவும் நினைக்கச் செய்வது பிந்தியதே.