பசியை அறிந்த பண்டிதை

ஒருவருக்கு ஒரு துன்பம் வந்தாலே மனம் உடைந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாகத் துன்பம் வந்துகொண்டே இருந்தால்? அப்படி ஒரு வாழ்க்கை வாழ்ந்து, ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தாயாக விளங்கியவர்தான் பண்டித ரமாபாய்.

கர்நாடகத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்ந்த காட்டில் கங்காமூலா என்ற இடம் உள்ளது. அங்கேதான் 1858-ம் ஆண்டு ஏப்ரல் 23-ல் ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி பெரிய சமஸ்கிருத அறிஞர். பெண்கள் படிக்கவே கூடாது என்று நினைத்த காலம் அது. ஆனால், அவர் தன் மனைவி லட்சுமிபாய்க்கு சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார். ஊரார் எதிர்த்தார்கள். அதனால்தான் அவர்கள் காட்டுக்குக் குடிபோனார்கள்.

ரமாபாய்க்கு அம்மாதான் ஆசிரியை. பறவைகள் கண் விழிக்கும் அதிகாலையில் பாடம் தொடங்கிவிடும். சிறு வயதிலேயே பல்லாயிரம் சுலோகங்களை அவர் மனப்பாடமாகச் சொன்னார். பின்னர் குடும்பமே கோயில் கோயிலாக யாத்திரை சென்றது. புராணம் படித்துச் சொல்லி, கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்தார்கள்.

1870-களில் தென்னிந்தியாவைப் பஞ்சம் தாக்கியது. கையில் இருந்த நகை, பாத்திரம் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. காட்டில் தண்ணீரும் இலைகளும்தான் உணவு. பார்வை இழந்திருந்த முதிய தந்தை முதலில் இறந்தார். சிறிது காலத்தில் தாயும் போய்விட்டார். அவரது உடலை மயானத்துக்குச் சுமந்து செல்ல ஆள் இல்லை. இரக்கப்பட்டு இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள் அண்ணன் சீனிவாசன். நான்காவது ஆள் ரமாபாய். குள்ளமாக இருந்ததால் தோளில் தூக்க முடியவில்லை. பாடையின் ஒரு முனையைத் தலையில் வைத்துச் சுமந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அடுத்து அக்காவும் இறந்துவிட்டார்.

அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான மைல்கள் நடந்தார்கள். பசி தாங்காமல் காட்டுப் பழங்களைக் கொட்டையோடு விழுங்கினார்கள். பஞ்சாபில் ஜீலம் நதிக்கரையில் கடும் குளிர். போர்த்திக்கொள்ளத் துணி இல்லை. மணலில் இரண்டு குழிகள் தோண்டி, தலையை மட்டும் வெளியே வைத்து, காய்ந்த மணலால் உடலை மூடிக்கொண்டு இரவைக் கழித்தார்கள். இவ்வளவு விரதங்களும் பூஜைகளும் செய்தும் ஏன் இந்த நிலை என்ற கேள்வி அவர்கள் மனதில் எழுந்தது. பழைய நம்பிக்கை மெல்ல மெல்லத் தளர்ந்தது.

1878-ல் இருவரும் கொல்கத்தாவை அடைந்தார்கள். ஒரு பெண் சமஸ்கிருதத்தில் சரளமாகப் பேசுவதைக் கேட்டு அங்கிருந்த அறிஞர்கள் அசந்துபோனார்கள். அவரைச் சோதித்துப் பார்த்து, பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களை வழங்கினார்கள். ஆனால், 1880-ல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு பிபின் பிகாரி மேதாவி என்ற வழக்கறிஞரை ரமாபாய் மணந்தார். மனோரமா என்ற மகள் பிறந்தாள். 1882-ல் கணவர் காலராவுக்குப் பலியானார். கைக்குழந்தையோடு ரமாபாய் தனியே நின்றார்.

அக்காலத்தில் எட்டு, ஒன்பது வயதிலேயே பல பெண் குழந்தைகளுக்குத் திருமணம் நடந்துவிடும். கணவர் இறந்துவிட்டால் அந்தச் சிறுமியின் தலையை மொட்டையடித்து, வீட்டின் ஒரு மூலையில் ஒதுக்கி வைப்பார்கள். இவர்களுக்காக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று ரமாபாய் முடிவு செய்தார். டாக்டராக விரும்பி 1883-ல் இங்கிலாந்து சென்றார். காது சரியாகக் கேட்காததால் அந்தக் கனவும் கலைந்தது. அங்கே, கைவிடப்பட்ட பெண்களை அன்போடு கவனித்துக்கொண்ட கன்னியாஸ்திரிகளின் சேவை அவர் மனதைத் தொட்டது. அதே ஆண்டு கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார்.

பிறகு அமெரிக்கா சென்று உதவி திரட்டினார். 1889-ல் மும்பையில் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். இளம் விதவைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். அடுத்த ஆண்டு பள்ளி புனேவுக்கு மாறியது. அவர் மதம் மாறியதைப் பலர் கண்டித்தார்கள். 1893-ல் பல குடும்பத்தினர் தங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துச் சென்றுவிட்டார்கள். ரமாபாய் பள்ளியை மூடவில்லை.

1896-ல் மத்திய இந்தியாவில் மீண்டும் பெரும் பஞ்சம். செய்தி கேட்டதும் பழைய நினைவுகள் எல்லாம் திரும்ப வந்தன. பசி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். ஆதரவற்ற இளம்பெண்களைப் பஞ்சக் காலத்தில் தீயவர்கள் ஏமாற்றி அழைத்துச் செல்வார்கள் என்பதும் தெரியும். கையில் பெரிய பணம் இல்லை. கடவுள் வழிகாட்டுவார் என்று நம்பி நேரே பஞ்சப் பகுதிக்கே சென்றார். எலும்பும் தோலுமாக இருந்த சுமார் 300 பெண்களையும் சிறுமிகளையும் மீட்டு அழைத்து வந்தார்.

புனேயில் அப்போது பிளேக் நோய் பரவியிருந்தது. இவ்வளவு பேரை நகரத்துக்குள் வைத்துக்கொள்ள அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. புனேவுக்கு அருகில் கேட்காவ் கிராமத்தில் ரமாபாய் வாங்கியிருந்த நிலம் இருந்தது. அங்கே ஒரு கட்டடம்கூட இல்லை. கூடாரங்களும் குடிசைகளும் போட்டுத் தங்கினார்கள். அதுதான் முக்தி இல்லமாக வளர்ந்தது. 1900-ல் குஜராத்தில் பஞ்சம் வந்தபோதும் பலரை மீட்டார். அங்கே இருந்தவர்களின் எண்ணிக்கை 2,000-ஐ நெருங்கியது!

இத்தனை பேருக்கும் தினமும் சோறு போட நிரந்தர வருமானம் கிடையாது. காலையில் எழுந்ததும் பிரார்த்தனை. அதன்பிறகு எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். விவசாயம், நெசவு, தையல், அச்சு வேலை என்று ஒவ்வொருவரும் ஒரு தொழில் கற்றார்கள். கடவுளை நம்புவது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது அல்ல என்பதை ரமாபாய் இப்படிச் செயலில் காட்டினார். பார்வையற்ற பெண்களுக்கு மனோரமா பிரெய்லி முறையில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

சாதாரணப் பெண்களும் படித்துப் புரிந்துகொள்ளும் எளிய மராத்தியில் பைபிள் வேண்டும் என்று ரமாபாய் விரும்பினார். அதற்காகவே எபிரேய, கிரேக்க மொழிகளைக் கற்று, பல ஆண்டுகள் மொழிபெயர்த்தார். முக்தி இல்லத்துப் பெண்களே அச்சுக்கோத்தார்கள். அவரது சேவைக்காக 1919-ல் ஆங்கிலேய அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது.

1921-ல் இன்னொரு பேரிடி. தனக்குப் பிறகு இல்லத்தைக் கவனித்துக்கொள்வாள் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா இறந்துபோனார். அறுபது வயதைக் கடந்த தாய், அந்த வேதனையோடும் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். அதை முடித்த பிறகே, 1922-ம் ஆண்டு ஏப்ரல் 5-ல் கண் மூடினார்.

1989-ல் இந்திய அரசு ரமாபாயின் படத்துடன் தபால்தலை வெளியிட்டது. கேட்காவில் அவர் தொடங்கிய இல்லம் இன்றும் இயங்குகிறது.

ரமாபாயின் நம்பிக்கை அவரது துன்பங்களைத் தடுத்து நிறுத்தவில்லை. ஆனால், ஒவ்வொரு துன்பத்துக்குப் பிறகும் எழுந்து நிற்கும் பலத்தைத் தந்தது. தான் பட்ட பசியை அவர் மறக்கவில்லை. அதனால்தான் அடுத்தவர் பசி அவருக்குப் புரிந்தது, குழந்தைகளே!